கையெழுத்து வந்துவிட்டது, செய்தி போய்ச் சேர்ந்ததா? புது வகுப்பாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டத்தில், பாளையங்கோட்டையில் காலை பஸ்ஸைப் பிடித்து வள்ளியூர்ப் பக்கமோ முக்கூடல் பக்கமோ வேலைக்குப் போகும் இளம் ஆசிரியர்களிடம் அடிக்கடி பேசுகிறேன். பாடம் நடத்துவதில் அவர்களுக்குப் பயமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ வகுப்பாசிரியர் என்று தலைமையாசிரியர் பெயரை எழுதிய அன்றுதான் முகம் மாறுகிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வீடுகள். மதிப்பெண், வருகை, பள்ளியின் விதிகள் இவை மூன்றும் அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று நான் படித்த பி.எட்.டில் ஒரு பக்கம்கூட இல்லை.

என் முதல் ஆண்டில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நாற்பத்திரண்டு ரேங்க் கார்டுகளைக் கொடுத்தனுப்பினேன். நாற்பத்திரண்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தன. எனக்கு ஒரே பெருமை. ஜனவரியில் ஒரு பையனின் அம்மா பள்ளிக்கு வந்தார், "காலாண்டுத் தேர்வு எப்போது வைப்பீர்கள் சார்?" என்று கேட்டார். கார்டை எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் அழகான சாய்ந்த எழுத்தில் கையெழுத்தாக இருந்தது. சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பவர் அவர். பையனைத் திட்டவும் தோன்றவில்லை, கையெழுத்து அவ்வளவு நன்றாக இருந்தது.

அதன் பிறகு கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

வீட்டில் ஆள் யார்?

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், அதாவது எல்லோரும் எமிஸ் என்று சொல்லும் பதிவில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கைபேசி எண் இருக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு அது ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்த எண். அந்த சிம்மே இப்போது இருக்காது. இருந்தாலும் அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும், அப்பா மும்பையிலோ சென்னையில் ஒரு மளிகைக் கடையிலோ வளைகுடாவிலோ இருப்பார். நம் பக்கத்து ஊர்களில் பாதித் தெரு இப்படித்தான். பிள்ளையைக் காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது ஆச்சியாக, அதாவது பாட்டியாக, இருப்பார். ஆச்சியிடம் பட்டன் போன் இருக்கும், அதில் எழுத்துச் செய்தியைத் திறக்க அவருக்குத் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மதிய உணவு வேளையில் தினம் ஐந்து பேராகக் கூப்பிட்டு, தனித்தனியே நாலு கேள்வி கேளுங்கள். காலையில் உன்னை எழுப்புவது யார்? பகலில் வீட்டில் போன் யாரிடம் இருக்கும்? அவர் தமிழ் வாசிப்பாரா, அல்லது குரல் பதிவு அனுப்பினால் நல்லதா? எந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு? வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதைக் கேட்கக் கூடாது. அப்பா இல்லாத பிள்ளையும், அப்பா இருந்தும் இல்லாத பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "அப்பா தாராவி. அம்மா நூறு நாள் வேலை, மதியத்துக்கு மேல்தான் பேசலாம். படிப்பு விஷயம் எல்லாம் அத்தை பார்க்கிறார், அடுத்த வீடு, பிளஸ் டூ வரை படித்தவர், வாட்ஸ்அப் உண்டு." அந்த ஆண்டு முழுக்க அந்தப் பையனின் செய்தி எல்லாம் அத்தை வழியாகத்தான் போனது. ஒன்றும் தவறவில்லை. பதிவேட்டில் அந்த அத்தைக்குப் பெயரே கிடையாது.

நேரம் என்பது ஊருக்கு ஊர் வேறு. பீடி சுற்றும் வீடுகளில் கடைக்குப் பீடிக் கட்டுகளைக் கொண்டுபோகிற வேளையில் கூப்பிட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். உவரி, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, பூசை முடிந்த பிறகு அப்பாக்கள் கையில் கிடைப்பார்கள். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் வாழைத் தோட்டத்துக்கு விடியுமுன் போய்விடுவார்கள், அங்கே மாலைதான் சரி.

முதல் செய்தி நல்ல செய்தியாக இருக்கட்டும்

பள்ளியிலிருந்து போன் வந்தால் நம் ஊரில் வீட்டார் முதலில் கேட்பது, "என்ன செய்துவிட்டான் சார்?" இந்தக் கேள்வி வராத அளவுக்கு முதலிலேயே ஒரு முறை பேசிவிட வேண்டும். ஜூலை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. "ஆச்சி, உங்கள் பேத்தி கணக்கில் நன்றாகக் கை தூக்குகிறாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." அவ்வளவு போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பொய் சொல்ல வேண்டாம். நாற்பது பிள்ளைகளில் நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தால் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கூப்பிடும் முறையும் முக்கியம். வயதான ஆளை "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தால் பாதிக் கதவு திறந்துவிடும். "மிஸ்டர்" என்று தொடங்கினால் எல்.ஐ.சி.க்காரர் என்று நினைத்து வைத்துவிடுவார்.

வருகை: சொல்வதற்கு முன் கேளுங்கள்

இதில் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. பதிவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, "உங்கள் மகன் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். எடுத்தது வெளியூரில் இருந்த அப்பா. அவர் உடனே ஊரில் இருந்த தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். தம்பி வந்து பையனை அடித்துவிட்டார். பையனோ ஆச்சியைப் பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தான், வேறு ஆண்பிள்ளை வீட்டில் இல்லாததால். அடுத்த நாள் கன்னத்தில் தடிப்போடு வந்து நின்றான். "நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாமே சார்" என்றான். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

அதிலிருந்து என் வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். "இன்று பையனைப் பார்க்கவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" செய்தி அதேதான். ஆனால் இதில் எதிர்ப் பக்கம் பதில் சொல்ல இடம் இருக்கிறது, கோபப்பட வழியில்லை. முதல் பாடவேளையில் வருகை எடுத்ததும், பத்து மணிக்குள் இந்த ஒரு வரியை வீட்டில் பொறுப்பான ஆளுக்கு அனுப்பிவிடுங்கள். மாலையில் அனுப்பினால் பயனில்லை. பையன் வீட்டிலிருந்து கிளம்பி, பள்ளிக்கு வராமல் வேறு எங்கோ போயிருந்தால், தேடுவதற்கு வீட்டாருக்குப் பகல் வேண்டும்.

பதிலை நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு மாதம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். திங்கட்கிழமை மட்டும் வராத பையன் ஞாயிறு இரவு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறவோ பந்தல் வேலைக்கோ போகிறவன். மழை பெய்தால் வராத பிள்ளைக்கு ஊர் ஓடையில் தண்ணீர் வந்துவிடும், அல்லது மினி பஸ் வராது. மாதத்தில் ஏறக்குறைய ஒரே நாட்களில் வராத பெண் பிள்ளையிடம் பெண் ஆசிரியர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், பெரும்பாலும் கழிப்பறைதான் காரணமாக இருக்கும், அது வீட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை, தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

கொடை விழாவை, அதாவது ஊர்க் கோவில் திருவிழாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் செவ்வாயும் வெள்ளியும் ஏதாவது ஒரு ஊரில் கொடை இருக்கும். வில்லுப்பாட்டும் மேளமும் விடியும்வரை நடக்கும், மறுநாள் அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் இடமும் காலியாக இருக்கும். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த ஊரில் எப்போது கொடை என்று பிள்ளைகளிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அன்றைக்குத் தேர்வு வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். அதைவிட நுட்பமானது பங்குனி உத்திரம். மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்கள்கூடக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி ஊருக்கு வந்துவிடுவார்கள். பொதுத்தேர்வும் அதே பருவத்தில்தான் வருகிறது. பிப்ரவரியிலேயே தேர்வு அட்டவணையை வீட்டுக்குச் சொல்லி, சாஸ்தா கோவிலுக்கு எந்த நாளில் பிள்ளை வர முடியாது என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். இன்னொரு பக்கம், போனில் மட்டுமே பேசிய அப்பாவை நேரில் பார்க்க ஆண்டில் இதுதான் ஒரே வாய்ப்பு. நான் அதை விட்டதே இல்லை. சாஸ்தா கோவில் ஆலமரத்தடியில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு, பள்ளி அலுவலகத்தில் பேசியதைவிடப் பல மடங்கு பலன் தந்திருக்கிறது.

சதவீதம் என்று சொன்னால் வீட்டில் புரியாது. நாளாகச் சொல்லுங்கள். "மாதம் இரண்டு நாள்தானே சார் லீவு போடுகிறான்" என்பார்கள். பத்து மாதத்துக்கு இருபது நாள் ஆகிறது, அது ஒரு மாதப் பள்ளிக்கூடம் முழுதாகப் போனதற்குச் சமம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பென்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணில் 2 வருகைக்கு உரியது. எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த இரண்டும் கிடைக்கும். "சும்மா வந்து உட்கார்ந்தாலே கிடைக்கிற மதிப்பெண் அண்ணாச்சி" என்று சொன்னால் எந்த அப்பாவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மதிப்பெண்: எண்ணைச் சொல்லாதீர்கள், பொருளைச் சொல்லுங்கள்

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 100, தேர்ச்சிக்கு 35. இதுவரை எல்லா வீட்டுக்கும் தெரியும். சிக்கல் அறிவியலில்தான். அங்கே எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வாங்கியாக வேண்டும். மொத்தம் 35ஐத் தாண்டினாலும் இதில் ஒன்று குறைந்தால் தேர்ச்சி இல்லை.

முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்கு இதைச் சொல்லப் போனேன். அந்தப் பெண்ணுக்கு எழுத்தில் 18, செய்முறையில் 22. மொத்தம் 40. அம்மா திண்ணையில் மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையை எடுப்பது, தூளைப் பரப்புவது, உருட்டுவது, முனையை மடக்கி நூலால் ஒரு சுற்று. நான் பேசப் பேசக் கை நிற்கவே இல்லை. "நாற்பது வாங்கியிருக்கிறாளே சார், முப்பத்தைந்துதானே பாஸ்?" என்றார். நான் இரண்டு முறை விளக்கினேன், ஏறவில்லை. கடைசியில் சுளகைப் பார்த்துக் கேட்டேன்: "அக்கா, இலை நல்ல இலை, உருட்டலும் சரி. ஆனால் தூள் பாதிதான் இருக்கிறது. கடையில் எடுப்பார்களா?"

கை நின்றது. "எடுக்க மாட்டார்கள். கழித்துவிடுவார்கள்."

"அதேதான். உங்கள் மகளுக்கு இரண்டு மதிப்பெண் தூள் குறைகிறது."

"இரண்டுதானே!" என்று எழுந்தேவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தயாராக இல்லை. பிள்ளையை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அது ஒரு வேலையே இல்லை. யோசித்து, "தினம் இரவு எட்டு மணிக்கு அவள் அறிவியல் புத்தகத்தில் ஒரு கேள்வி பதிலை உங்களிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டால் போதும். தடுமாறினால் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்" என்றேன். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவும் தடுமாற்றத்தைக் கண்டுபிடிப்பார். பொதுத்தேர்வு எழுத்துத் தாளில் அந்தப் பெண் 41 வாங்கினாள்.

ஆகவே மதிப்பெண் சொல்லும்போது மூன்று வரி போதும்: இப்போது எங்கே இருக்கிறாள், அடுத்த தேர்வுக்குள் எங்கே வர வேண்டும், வீட்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை. ஐந்து வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது. "கவனம் போதாது", "முயற்சி தேவை" என்று ரேங்க் கார்டில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது எந்த வீட்டுக்கும் எதையும் தெரிவிப்பதில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் போடவே கூடாது. பொதுத்தேர்வு முடிவிலேயே முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டுவிட்டது. நாம் ஒரு காலாண்டுத் தேர்வுக்கு அதைச் செய்ய என்ன இருக்கிறது? குழு என்பது விடுமுறை அறிவிப்புக்கும் தேர்வு அட்டவணைக்கும் மட்டும். ஒரு பிள்ளையின் பெயர் வரும் செய்தி எதுவும் தனியாகத்தான் போக வேண்டும். கார்டில் கையெழுத்து வாங்குவதோடு, வாங்கிய மூன்றாம் நாள் பத்து வீட்டுக்காவது போன் போட்டு "கார்டு பார்த்தீர்களா, கணக்கில் எவ்வளவு?" என்று கேளுங்கள். என் பழைய சாய்வெழுத்துக்காரனைப் போன்றவர்கள் உடனே அகப்படுவார்கள்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல்

இதை யாரும் "பெற்றோருக்குத் தெரிவித்தல்" என்று கருதுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் ஆண்டு முழுவதும் சொல்லும் செய்திகளில் இதைவிட விலை உயர்ந்தது கிடையாது. பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில் இருக்கும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவைதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பிறகு பாஸ்போர்ட்டிலிருந்து வேலைவரை எல்லாம் அதை வைத்துத்தான். நம் பக்கத்துப் பெயர்களோ இசக்கியம்மாள், சுடலைமுத்து, பேச்சியம்மாள், ஆறுமுகநயினார். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் இன்னொரு மாதிரி இருக்கும். இசக்கிக்கு "ஐ" போட்டவர் உண்டு, "ஈ" போட்டவர் உண்டு, நடுவில் இரண்டு "கே", ஒரு "கே", "கே"யோடு "எச்" என்று எத்தனையோ வகை.

பட்டியல் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத வீடாக இருந்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வரச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சேர்ந்து பாருங்கள். அப்பாவின் பெயரில் எழுத்து தவறா, தலைப்பெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவதற்கு அந்தக் குடும்பம் அலையும் அலைச்சலோடு ஒப்பிட்டால் உங்களுடைய இந்த இரண்டு நாள் ஒன்றுமே இல்லை.

விதிகள்

நேரம், சீருடை, கைபேசி போன்றவற்றை ஒரு பக்கத் தாளில் எழுதி ஜூனிலேயே கொடுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் அது மிரட்டலாக மட்டுமே படும்.

இரண்டு விஷயத்தை மட்டும் நேரில் பேச வேண்டும். ஒன்று பைக். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டி அகப்பட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் மீது வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. "மகனுக்கு அபராதம்" என்று நினைத்திருந்த அப்பாக்கள் இதைக் கேட்டதும் சாவியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று கையில் கட்டும் வண்ணக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்பது நம் மாவட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தெரியாதது போல நடிப்பது ஆசிரியர்கள் மட்டும்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்டதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் இப்படிக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதைப் பெற்றோரிடம் சொல்லும்போது ஒரு தெருவாரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் தொலைந்தது. எல்லாத் தெருவாரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், தலைமையாசிரியர் வாயால், எல்லா நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவில் கயிறு என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம். "வீட்டில் கட்டட்டும், பள்ளிக்கு வரும்போது எல்லாருக்கும் ஒரே விதி" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம் இரண்டும் பள்ளியில் இருக்கும். அவற்றில் உள்ள அம்மாக்களை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வராத வீட்டுக்குச் செய்தி கொண்டுபோக அவர்களை விட ஆள் இல்லை. கூட்டத்தில் தனிப்பட்ட பிள்ளையின் குறையைப் பேசக் கூடாது. நாற்காலி வட்டமாகப் போட்டு, தேநீர் கொடுத்து, நாற்பது நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு வாழ்த்துரை மூன்று கேட்க நேரமில்லை.

சொல்லக் கூடாத நேரம்

எல்லாச் செய்தியும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. "வீட்டுக்குச் சொல்லாதீர்கள் சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் அதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். மதிப்பெண் பயமாக இருந்தால் நீங்களே உடன் நின்று பேசலாம். வீட்டில் அடி, தொந்தரவு, அல்லது படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் வீட்டுக்குப் போன் போடும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. இரண்டையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். வகுப்பறைச் சுவரிலும் பிள்ளை கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். கல்யாணப் பேச்சு இன்னும் பேச்சளவிலேயே இருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும் என்ற செய்தி பல வீடுகளில் பேச்சின் திசையை மாற்றியிருக்கிறது.

ஏப்ரலில் வகுப்பை ஒப்படைக்கும்போது அந்த நோட்டையும் அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிள்ளை உங்களை நம்பிச் சொன்ன பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு.